நெகட்டிவ் துண்டு வகுப்புக்கான அனுமதிச் சீட்டு அல்ல



பிள்ளை காய்ச்சலோடு வந்து நிற்கிறது. திருப்பி அனுப்பப் பார்த்தால் தாய் லெப் துண்டை நீட்டுகிறார்: "டீச்சர், புளூ இல்லையாம், நெகட்டிவ்." நாமும் உள்ளே விடுகிறோம். இதைத்தான் நிறுத்த வேண்டும்.

பதினைந்து நிமிடத்தில் விடை சொல்லும் அந்த டெஸ்ட், மூக்கில் எடுத்த சளியில் வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. அது போதிய அளவு இருந்தால்தான் கோடு விழும். 2009இல் புதிய எச்1என்1 பரவியபோது அமெரிக்காவின் சிடிசி நிறுவனம் மூன்று வகை டெஸ்ட்களைச் சோதித்தது. பிசிஆரில் ஏற்கெனவே உறுதியான மாதிரிகளில்கூட அவை கண்டுபிடித்தது 40 முதல் 69 வீதம்தான். பத்து நோயாளிகளில் மூன்று முதல் ஆறு பேருக்கு "நெகட்டிவ்"!

"அது பழைய கதை" என்பீர்கள். 2017இல் அமெரிக்கா விதியை இறுக்கி, ஏ வகையில் 80 வீதமாவது பிடிக்க வேண்டும் என்றது. அப்போதும் ஐந்தில் ஒன்று தப்பலாம்.

பொசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அதுவும் ஏயா பியா என்பதோடு நின்றுவிடும். வழமையான ஏயா, புதிதாக வந்த ஏயா என்று சொல்லாது. அதற்குப் பொரளை எம்ஆர்ஐ போன்ற ஆய்வுகூடம் வேண்டும்.

தாயைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. மடுல்கெல்லத் தோட்டங்களில் பிள்ளையோடு ஒரு நாள் வீட்டில் நின்றால் அன்றைய பேர் போய்விடும். நூறு வீத வரவுக்குப் பரிசு கொடுப்பதும், லீவு போட்டால் "துண்டு எங்கே?" என்று கேட்பதும் நாம்தானே? ஒரு பிள்ளையிடமிருந்து பத்துப் பிள்ளைகளுக்குத் தொற்றினால் பத்து வீட்டில் பேர் போகும். லயத்தில் இருக்கும் பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் வந்தால் போவது பேர் மட்டுமல்ல.

ஆகவே ஆசிரியர்களே, துண்டில் என்ன இருந்தாலும், மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம் ஆகும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும். தவறிய பாடத்தை நாம் எழுதிக் கொடுப்போம். வரவுப் பரிசை நிறுத்துவோம். மூச்சு வாங்கினால், சோர்ந்து கிடந்தால், நெகட்டிவ் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. அப்போது எந்த டெஸ்டும் இருக்கவில்லை. பிறருக்குத் தீங்கு வரக்கூடாது என்ற எண்ணம் இருந்தது.