மட்டக்குதிரை பொம்மையன்று

பெருநகரப் பிறந்தநாள் விழாக்களின் வாடகைப் பட்டியலில் பலூன் வளைவுக்கும் காற்றடைத்த சறுக்குமரத்துக்கும் அருகே மட்டக்குதிரையும் இடம்பிடித்துவிட்டது. கூடவே ‘பாதுகாப்பு விதிகள்’ என்று ஒரு தாளும் வருகிறது. தரைவிரிப்பு பாழானால் யார் பொறுப்பு, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பல்ல என்பதே பெரும்பாலும் அத்தாளின் சாரம். குதிரையைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தால் வியப்பு.

உருவம் சிறிது, ஆகவே ஆபத்தும் சிறிது என்பது இவ்வணிகத்தின் அடிப்படைப் பொய். அமெரிக்கக் குறுங்குதிரைச் சங்கம் வகுத்த உயர வரம்பு 34 அங்குலம். அந்த உயரத்தில் எழும் உதை நான்கு வயதுக் குழந்தையின் மார்பிலோ முகத்திலோதான் விழும். குதிரைக்கு நேர் பின்னால் நிற்பவரைத் தெரியாது. நெற்றிக்கு நேர் முன்னே நீளும் கையும் தெரியாது. அஞ்சினால் ஓடுவதே அதன் இயல்பு. கதவடைத்த கூடத்தில், வழுக்கும் பளிங்குத் தரையில், பலூன் வெடிக்கும்போது அது எங்கே ஓடும்? ஓட வழியற்ற குதிரை உதைக்கும். அதைக் குதிரையின் குணக்கேடு என்று பழிப்பது அறியாமை.

அன்பின் பெயரால் நிகழும் தீங்கு இன்னொன்று. குழந்தைகள் ஊட்டும் கேக்கைப் படமெடுக்கும் பெற்றோருக்கு, குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பது தெரியுமா? ஒவ்வாதது உள்ளே போனால் வரும் வயிற்றுவலி அதன் உயிரையே பறிக்கக்கூடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. வண்டியிழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள், மட்டக்குதிரையின் மேல் ஏற்றும் பொதிக்கு 70 கிலோ வரம்பு வைத்தன. இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது என்றன. அரிசி மூட்டை சுமக்கும் குதிரைக்குக் கிடைத்த இந்தக் கருணை, வரிசையாகக் குழந்தைகளைச் சுமக்கும் குதிரைக்கு எட்டவில்லை. எட்டினாலும் என்ன? 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதற்குற்றத்துக்கு விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய். ஒரு பொட்டலம் பலூன் அதைவிட விலை கூடுதல்.

குதிரைக்காரரின் பிழைப்பு என்னாவது என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. மும்பையின் விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தபோது, அவற்றை நம்பியிருந்தோரின் மறுவாழ்வுக்கும் திட்டம் வகுக்கச் சொன்னது. வழி அதுதான். ஏழையின் பசியைக் காட்டி விலங்கின் வதையை நியாயப்படுத்துவோர், அந்த ஏழைக்குக் கூலி உயர்த்தித் தருவதாகவும் தெரியவில்லை.

உண்மையான பாதுகாப்பு விதிகள் எளியவை. திறந்த வெளி, மண் தரை, நிழல், நீர். கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற கால்நடை மருத்துவரின் சான்று. அந்நோய் மனிதருக்கும் தொற்றும். தலைக்கவசம் அணிந்த ஒரே ஒரு குழந்தை, கடிவாளத்தை விடாத பயிற்சி பெற்ற ஆள், அருகிலேயே பெற்றோர். ஒலிபெருக்கி, வெடி, பலூன், கேக் எதுவும் கூடாது. சோர்வின் அறிகுறி தென்பட்டவுடன் சவாரி நிற்க வேண்டும்.

இவற்றை நிறைவேற்றக்கூடிய விழாக்கூடம் எத்தனை? அடுக்குமாடி மொட்டைமாடி எத்தனை? விதிகளை நேர்மையாக எழுதினாலே பெரும்பாலான விழாக்களில் குதிரைக்கு இடமில்லை என்பது விளங்கிவிடும். அதனால்தான் அவை எழுதப்படுவதில்லை.

குழந்தைக்கு விலங்கின் மேல் அன்பு வளர வேண்டுமெனில் அதை லாயத்துக்கு அழைத்துச் செல்லலாம். அங்கே குதிரை தன் போக்கில் மேய்வதையும், விருப்பமில்லாதபோது விலகிச் செல்வதையும் காணட்டும். விலகிச் செல்லும் உரிமை இன்னோர் உயிருக்கும் உண்டு என்பதை, மெழுகுவத்தி அணைக்கும் வயதிலேயே அது கற்றுக்கொள்ளலாம்.