வன்னிக்கு முதலில் வேண்டியது தமிழில் எழுதும் பொலிஸ்

பொலிஸ் நிலையத்துக்கு வந்து ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை, அவர் சொல்லும் மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. அது இயலாதபோது மட்டுமே, காரணத்தைக் குறித்துவிட்டு, மற்றொரு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் முறைப்பாட்டாளருக்கு விளங்கும் மொழியில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். வட மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே உள்ளது. இருந்தும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மக்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் குறை ஒன்றுதான்: சட்டம் விதிவிலக்காக விட்டது இங்கே வழக்கமாகிவிட்டது. தனக்கு வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர், அடுத்த முறை பொலிஸ் நிலையப் படியேறத் தயங்குவதில் வியப்பில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 நவம்பரில் கையளித்த அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்தாண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. இன்றும் அதையே கேட்க வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது.

வன்னியின் குற்றங்களைப் பார்த்தால், ஏன் இதை முதலில் கேட்க வேண்டும் என்பது புரியும். இங்கே பெரும் தொல்லை மணல், மரம், கசிப்பு, கஞ்சா, அண்மைய ஆண்டுகளில் ஐஸ் போதைப்பொருள். தருமபுரம், கல்லாறு, கண்டாவளைப் பக்கம் இரவு முழுவதும் டிப்பர்களும் உழவு இயந்திரங்களும் ஓடுவதை அங்குள்ள விவசாயிகள் அறிவார்கள். 2019 டிசம்பரில் மணல் ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திர முறையை அன்றைய அரசாங்கம் நீக்கியபோது இந்தக் கொள்ளைக்குக் கதவு அகலத் திறந்தது. 2020 அக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் மரக்கடத்தலைப் படம்பிடிக்கச் சென்ற இரண்டு ஊடகவியலாளர்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். செய்தியாளருக்கே இந்தக் கதி என்றால், காட்டோரத்தில் குடியிருக்கும் தனித்த பெண் எந்தத் துணிவில் தகவல் கொடுப்பாள்?

மணல் களவும் கசிப்புக் காய்ச்சலும் ஊருக்குத் தெரியாமல் நடப்பவை அல்ல. எந்த ஆற்றங்கரையில் எத்தனை மணிக்கு வாகனம் இறங்கும் என்பது ஊருக்குத் தெரியும். அந்தத் தகவல் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதும், சொன்னவரின் பெயர் வெளியே கசியாமல் இருப்பதும்தான் இங்கே துப்பறிதலின் பாதி. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எழும் முறையீடும் இதுவே: தகவல் கொடுத்தவரைக் கடத்தல்காரர் தேடி வருகிறார், பிடிபடுபவர் சாரதி, முதலாளி அல்ல.

ஊரவரின் தகவலைப் பெறுவதற்கு மாற்றாகக் கொழும்பு அனுப்பிவைப்பது பெரும்பாலும் சுற்றிவளைப்பு. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் சில வாரங்களுக்குள்ளேயே நாடு முழுவதும் பல்லாயிரம் பேர் கைதானார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் கவலை வெளியிட்டது. ஐந்து கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை வரை போகக்கூடிய சட்டத் திருத்தம் 2022இல் வந்தது. கடுமையான சட்டமும் பெருந்தொகைக் கைதும் சேர்ந்தும் வன்னியின் பாடசாலை வாசல்களில் பெற்றோரின் அச்சம் குறையவில்லை.

இனி தொழில்நுட்பம். கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து வீதிக் கமராக்கள் மூலம் போக்குவரத்துக் குற்றங்கள் பிடிக்கப்படுகின்றன. 2025 ஆகஸ்டில் பொலிஸ்மா அதிபருக்கு நேரடியாக முறையிட வட்ஸ்அப் எண் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்க வேண்டியவை. ஏ-9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் மணல் வாகனங்களின் இலக்கத் தகட்டைப் பதியும் கமராக்கள் வைத்தால் பெரும் பயன் கிடைக்கும், ஐயமில்லை. ஆனால் கமராவில் பதிந்ததை வழக்காக்குவது ஒரு உத்தியோகத்தர். சாட்சி சொல்ல வேண்டியவர் ஊரவர். அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேச முடியாவிட்டால் கமராவால் யாருக்கு என்ன பயன்?

வன்னியில் சீருடைக்கு என்றும் பஞ்சமில்லை. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இராணுவ முகாம்கள் ஊர்களுக்கு நடுவே இருக்கின்றன. 2022 ஜூனில் விசுவமடு எரிபொருள் நிலையத்தில் வரிசையில் நின்ற மக்களுடன் ஏற்பட்ட முறுகலில் துப்பாக்கிச் சூடு நடத்தியது இராணுவம். 2025 ஆகஸ்டில் முத்தையன்கட்டு முகாமுக்குச் சென்ற இளைஞர் ஒருவர் குளத்தில் சடலமாக மீட்கப்பட்டார்; இராணுவத்தினர் கைதானார்கள், வடக்கு கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. குடிமக்களின் அன்றாட ஒழுங்கு பொலிஸின் வேலை. அதில் படையினர் தலையிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தமிழ் இளைஞர்கள் பொலிஸில் சேர முன்வருவதில்லை என்பது கொழும்பின் நிலையான பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் காரணம் என்ன? 2019 செப்டெம்பரில் நீராவியடிப் பிள்ளையார் ஆலயச் சூழலில் நீதிமன்றக் கட்டளையை மீறிப் பிக்கு ஒருவரின் உடல் எரிக்கப்பட்டபோது பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். 2024 சிவராத்திரியன்று வெடுக்குநாறி மலையில் வழிபட வந்த எட்டுப் பேர் கைதாகி, பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். இவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை அந்தச் சீருடையை எப்படி விரும்பும்?

வட அயர்லாந்திலும் இதே வாதம் இருந்தது. கத்தோலிக்கர் சேர மாட்டார்கள் என்றார்கள். 1999இல் பாட்டன் ஆணைக்குழு பொலிஸின் பெயர், சின்னம், மேற்பார்வை அனைத்தையும் மாற்றச் சொன்னதுடன், புதிதாகச் சேர்ப்பவரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2001இல் ஏறத்தாழ 8 வீதமாக இருந்த அவர்களின் பங்கு 2011இல் 30 வீதமளவுக்கு உயர்ந்தது. அந்த ஒதுக்கீடு நின்றபின் உயர்வும் தளர்ந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கும் வழி உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களுக்கான ஆட்சேர்ப்பை அந்தந்த மாவட்டத்திலேயே நடத்தி, சேர்பவருக்கு முதல் சில ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணியை உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இரவிலும் இருக்க வேண்டும். வவுனியா தெற்கின் சிங்கள விவசாயிக்குச் சிங்களத்தில் முறையிடும் உரிமை இருப்பதுபோல நெடுங்கேணி விவசாயிக்குத் தமிழில் அது இருக்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் எழுதிவைத்த மாகாணப் பொலிஸ் அதிகாரமும், 2018 அக்டோபரில் காலாவதியான வட மாகாண சபைக்கான தேர்தலும் இனியும் தள்ளிப்போடக் கூடாதவை.

ஆனால் 109ஆம் பிரிவைச் செயற்படுத்தத் தேர்தலோ புதிய சட்டமோ தேவையில்லை. வன்னியின் ஒவ்வொரு பொலிஸ் நிலையமும் எத்தனை முறைப்பாடுகளைத் தமிழில் பதிந்தது, எத்தனையை என்ன காரணத்தால் சிங்களத்தில் பதிந்தது என்ற கணக்கைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு ஆண்டுதோறும் கேட்டு வாங்கிப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அந்த உத்தரவை ஆணைக்குழு இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.