திட்டு மட்டும் தமிழ் மீடியத்துக்கா?



எங்கள் குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஆபீசுகளிலும் துண்டு ஏற்றுமதி கம்பெனிகளிலும் எத்தனையோ பெண்கள் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறார்கள். தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் எக்செல் கற்றுக்கொண்டு வந்தவர்கள். கூட்டுத்தொகை வர வேண்டிய கட்டத்தில் '#நேம்?' என்று வந்துவிட்டால் போதும், "தமிழ் மீடியத்தை வேலைக்கு வெச்சா இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இது கொஞ்சமும் நியாயமில்லைங்க.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெர்மனியில் துண்டு வாங்குகிறவர், விலை கூட்டும் ஃபார்முலாவை மின்னஞ்சலில் எழுதி அனுப்பியிருந்தார். எங்களோடு இருந்த பெண் அதை அப்படியே கட்டத்தில் போட, '#நேம்?' என்று நின்றது. முதலாளி மகன் எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினார். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தால், 'சம்' இருக்க வேண்டிய இடத்தில் 'சும்மே' என்று இருந்தது! ஜெர்மன் எக்செல்லில் கூட்டலுக்குப் பெயரே அதுதான். நம்ம 'இஃப்' அங்கே 'வென்'. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'சோம்', 'ஸி'. நாம் ஃபார்முலாவில் கமா போடும் இடத்தில் அவர்கள் அரைப்புள்ளி போடுவார்கள். முழு ஃபைலாக அனுப்பினால் எக்செல் தானே மாற்றிக்கொள்ளும். கடிதம் மாதிரி எழுதி அனுப்பினால் மாற்றாது. இதில் அந்தப் பெண்ணின் படிப்பு எங்கே வந்தது? ஜெர்மன்காரருக்கு அவர் தாய்மொழியிலேயே ஃபார்முலா. நம்ம பெண்களுக்கோ அடுத்தவர் மொழியில். அப்படியும் வேலையை முடிக்கிறார்களே, அதற்குப் பாராட்டல்லவா வேண்டும்?

பிழை என்று கத்துகிற கட்டம்கூட நல்லது. கத்தாமல் இருப்பதுதான் ஆபத்து. ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, பைசாவுக்குக் கமா. அவர்கள் '1.250 துண்டு' என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. நம் கம்ப்யூட்டரில் அப்படியே அடித்தால் ஒன்றேகால் துண்டு! தேதியும் அப்படித்தான். 5/4 என்றால் நமக்கு ஏப்ரல் 5, அமெரிக்க முறையில் மே 4. சரக்கு ஒரு மாதம் தாமதமானால் திட்டு யாருக்கு? அதே பெண்ணுக்குத்தான்.

வெளிநாடு வரை போக வேண்டாம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடு எழுத்து முறையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பழைய ஃபான்ட்டில் அடித்த பெயர்ப் பட்டியல்கள் இன்னும் சில ஆபீசுகளில் இருக்கின்றன. ஒரு பட்டியலில் பழைய ஃபான்ட், இன்னொன்றில் யூனிகோடு. நம் கண்ணுக்கு ஒரே பெயர். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'வீலுக்கப்' போட்டுத் தேடினால் '#என்/ஏ' என்றுதான் வரும். "பேரு வரலைங்கம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று தறி ஓட்டும் அம்மாவைத் திருப்பி அனுப்பினால், அந்த வாரம் அவர் வீட்டு அரிசிக்கு யார் பதில் சொல்வது?

கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பட்டனை அமுக்குவது என்பதோடு நிறுத்தாதீர்கள். பிழை வந்தால் அது என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். '#நேம்?' என்றால் "இந்தப் பெயர் எனக்குத் தெரியாது." '#வேல்யூ!' என்றால் பெரும்பாலும் "எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது." '#என்/ஏ' என்றால் "தேடினேன், கிடைக்கவில்லை." '#ரெஃப்!' என்றால் "நீ காட்டிய கட்டத்தைக் காணோம்." வரிசையாக ##### வந்தால் பெரும்பாலும் கட்டம் அகலம் பத்தவில்லை, அவ்வளவுதான். பத்து நிமிஷப் பாடம் இது!

தோழிகளே, நீங்களும் வெளியூர்க்காரர்களிடம் ஃபார்முலாவை எழுதி வாங்காமல் ஃபைலாகவே கேளுங்கள். புள்ளி, கமா, தேதி மூன்றையும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூலிப் பட்டியலில் பெயரை வைத்துத் தேடாமல் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுங்கள்.

முதலாளிமார்களே, கட்டத்தில் பிழை வந்தால் முதலில் கட்டத்தைப் பாருங்கள். அந்தப் பெண் எந்த மீடியத்தில் படித்தாள் என்று பார்க்காதீர்கள். நான் சொல்வது சரிதானுங்களே?

- ஒரு வாசகி, குமாரபாளையம்.