பூண்டு நல்லதுதாங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க

நெய்வேலி டவுன்ஷிப்ல சாயங்காலம் வாக்கிங் போற பெருசுங்க பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. பையனோட வேலை, பொண்ணோட கல்யாணம், அடுத்து பி.பி., கொலஸ்ட்ரால். அங்கே வந்ததுமே பூண்டும் வந்துடும். "பால்ல பத்துப் பல் போட்டுக் காய்ச்சிக் குடிப்பா, மாத்திரையே வேணாம்"னு ஒருத்தராவது சொல்லிடுவார். பூண்டுப்பால் குடிக்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. மாத்திரை வேணாம்ங்கறதுதான் பயமா இருக்கு.

முதல்ல ஒரு விஷயம். பூண்டுல எல்லாரும் கொண்டாடுற அல்லிசின், முழுப் பல்லுல கிடையாது. அல்லின்னு ஒரு பொருளும், அதை மாத்துற என்சைமும் தனித்தனி அறையில இருக்கு. நசுக்கினா ரெண்டும் கலந்து அல்லிசின் உண்டாகும். அந்த நெடி அதுதான். முழுப் பல்லை அப்படியே பால்ல கொதிக்க விட்டா சூட்டுல என்சைம் செத்துடும். அதாவது, மருந்துன்னு நாம குடிக்கற பூண்டுப்பால்ல அந்த மருந்து அநேகமா இல்லை! நசுக்கிப் பத்து நிமிஷம் வெச்சுட்டு அப்புறம் அடுப்புல போட்டா கொஞ்சமாவது மிஞ்சும்.

சரி, பச்சையாவே தின்னா? 2007-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு அதிகமா இருந்த 192 பேர். சிலருக்குப் பச்சைப் பூண்டு, சிலருக்கு ரெண்டு வகைப் பூண்டு மாத்திரை, சிலருக்கு வெறும் டம்மி மாத்திரை. வாரத்துல ஆறு நாள், ஆறு மாசம். கெட்ட கொலஸ்ட்ரால்ல சொல்லிக்கற மாதிரி எந்த மாற்றமும் இல்லை. ரத்த அழுத்தத்துல மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. பி.பி. அதிகம் இருக்கறவங்களுக்கு ஓரளவு குறையுதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. ஆனா அதெல்லாம் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். கொடுத்ததும் அளந்து செஞ்ச மாத்திரை, நம்ம வீட்டுப் பூண்டு இல்லை.

எங்க எதிர்வீட்டு அங்கிள் சுரங்கத்துல ஷிப்ட் பார்த்து ரிட்டையர் ஆனவர். இதயத்துல ஸ்டென்ட் வெச்சு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். கூடவே தினமும் காலையில வெறும் வயித்துல பச்சைப் பூண்டு. பல் பிடுங்கப் போனப்ப டாக்டர் கிட்ட மாத்திரையைச் சொன்னவர் பூண்டைச் சொல்லலை. "அது சாப்பாடுதானேப்பா"ன்னார். ஆனா பூண்டும் ரத்தம் உறையறதைத் தாமதப்படுத்தக் கூடியது. ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி மருந்தோட நிறையப் பூண்டு சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட கட்டாயம் சொல்லியாகணும்.

பி.பி. ஏறினா பெரும்பாலும் உடம்புக்குத் தெரியறதே இல்லை. அதனால மாத்திரையை நிறுத்தினவர் "நல்லாத்தானே இருக்கேன்"னு நம்பிட்டு இருப்பார், பக்கவாதம் வர்ற வரைக்கும். பூண்டு மேல இருக்கற நம்பிக்கையோட உண்மையான விலை இதுதான்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. வாங்குங்க. பூண்டுக் குழம்பு வைங்க, ரசத்துல தட்டிப் போடுங்க, ஊறுகாய் போடுங்க. அப்பா அம்மா பூண்டு சாப்பிட்டா தடுக்காதீங்க. ஆனா இந்த வாரம் போன் பண்றப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டுடுங்க: "பி.பி. மாத்திரையைத் தினமும் போடறீங்களா?"