இங்கிலீஷ் வேறு, இங்கிலீஷ் மீடியம் வேறு



சித்திரை பிறந்தால் எனக்கு ஒரே கேள்விதான் வரும். "டீச்சர், பிள்ளையை எந்த இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கலாம்?" போனில் கேட்கிறீர்கள், திருத்தளிநாதர் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்கிறீர்கள். தமிழ் வழியா, இங்கிலீஷ் வழியா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. அதை முடிவு பண்ணிவிட்டுத்தான் வருகிறீர்கள். இந்த வருடம் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நான் இங்கிலீஷுக்கு எதிரி இல்லை. நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் நடத்தித்தான் என் வீட்டில் உலை கொதித்தது. அந்த உரிமையில் சொல்கிறேன். இங்கிலீஷ் கற்றுக்கொள்வது வேறு. கணக்கையும் அறிவியலையும் இங்கிலீஷில் படிப்பது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று உங்களை நம்பவைத்துத்தான் ஃபீஸ் வாங்குகிறார்கள்.

என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குண்டூசிக்கும் 'பின்', குப்பைத்தொட்டிக்கும் 'பின்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் இதில்தான் ஸ்பெல்லிங்கைக் கோட்டை விடுவீர்கள். அப்போது என்ன சொல்லிக் கொடுத்தேன்? 'பல்' என்று சொல்லு, 'தம்பி' என்று சொல்லு. எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. பல்லில் வருவது குண்டூசி, தம்பியில் வருவது குப்பைத்தொட்டி. புதிதாக ஒன்றும் இல்லை, உங்கள் வாயில் ஏற்கெனவே இருந்த சத்தம்தான்.

இன்னொன்று, 'ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே' என்று எழுதுவீர்கள். முட்டாள்தனத்தால் வருகிற தப்பு இல்லை அது. 'அவன் நேற்று வந்திருக்கிறான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், அதையே நேர்மையாக மொழிபெயர்த்திருக்கிறீர்கள். 'வந்திருக்கிறான்' என்பதோடு 'நேற்று' சேர்வதைத் தமிழ் விடும், இங்கிலீஷ் விடாது. தமிழில் சொன்னால் இரண்டு நிமிட வேலை. இங்கிலீஷிலேயே விளக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் ஒரு வாரம் ஆகும், அப்புறமும் புரியாது. நல்ல தமிழ் இருந்த பிள்ளைக்குத்தான் என் கையில் இங்கிலீஷ் சீக்கிரம் ஏறியது. அதற்கு மாறாக நான் பார்த்ததே இல்லை.

2012-13-இல் அரசுப் பள்ளிகளிலும் இங்கிலீஷ் மீடியம் பிரிவைத் திறந்தார்கள். நடத்தப் போவது யார்? நாங்கள்தான். தமிழில் படித்து, பட்டயப் பயிற்சியும் தமிழிலேயே முடித்தவர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் முன்னால் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும், அதற்குள் இரண்டு மீடியம் வேறு. என்ன நடக்கும்? விடையைப் போர்டில் எழுதிப் போடுவோம், பிள்ளை பார்த்து எழுதும், நீங்கள் நோட்டைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள். தனியார் நர்சரியில் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கே நடத்துகிற பிள்ளையும் நம் ஊர்ப் பிள்ளைதான், சம்பளம்தான் எங்களைவிடக் குறைவு.

'இருசமபக்க முக்கோணம்' என்றால் பெயரிலேயே பாடம் இருக்கிறது. 'ஐசாசிலஸ்' என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏதோ மருந்துப் பெயர். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழிதான் சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பேத்தி. தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம் போடுகிற பள்ளி. அந்தப் பிள்ளை வீட்டில் வாயாடி. பள்ளியில், தண்ணீர் பாட்டில் காலியானதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாயங்காலம் வரை தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் அம்மா என்னிடம் சொன்னது: "டிசிப்ளின் நல்லா இருக்கு அத்தை." எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

கலாம், மயில்சாமி அண்ணாதுரை, சிவன் என்று பட்டியல் போட மாட்டேன். அதை நீங்களே எனக்கு ஃபார்வர்டு பண்ணுகிறீர்கள். பண்ணிவிட்டுப் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறீர்கள்.

"உங்கள் மகளை எங்கே படிக்க வைத்தீர்கள்?" நியாயமான கேள்வி. எட்டு வரை என் பள்ளியில், அப்புறம் அரசு மேல்நிலைப் பள்ளியில், பன்னிரண்டு வரை தமிழ் வழி. ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் "இங்கிலீஷ் டீச்சர் மகளே தமிழ் மீடியமா" என்று சிரித்தவர்கள் இந்தப் பதிவையும் படிப்பார்கள். பி.ஃபார்ம் முதல் செமஸ்டரில் திணறினாள். டிக்‌ஷனரியும் கையுமாக அழுதிருக்கிறாள், மறைக்கவில்லை. இரண்டாம் வருடம் சரியாகிவிட்டது. கலெக்டர் ஆகவில்லை. மருந்துக் கடை வைத்திருக்கிறாள், இங்கிலீஷில் பேச வேண்டியவர்களிடம் பேசுகிறாள். ஆறு மாதத் திணறலுக்குப் பயந்து பன்னிரண்டு வருடப் புரிதலை நான் விற்கவில்லை.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குபவர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவு போட்டது. நம்மில் பலர் அதைச் சொல்லிச் சிரித்தோம். சிரித்தவர்களின் பிள்ளைகள் எந்த வேனில் போனார்கள் என்று ஊருக்கே தெரியும். ஊர் நம்மைப் பார்த்துத்தான் முடிவு எடுத்தது.

நம் பக்கத்து ஆட்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்க் கடை வைத்தார்கள். பேரேட்டைத் தமிழில்தான் எழுதினார்கள். போன இடத்துப் பேச்சையும் பழகிக்கொண்டார்கள், அதற்காக வீட்டில் தமிழை நிறுத்தவில்லை.

அரசு வேலைக்குக் கனவு காண்பவர்களுக்கு ஒன்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் வந்தது. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று 2020-இல் திருத்தினார்கள். எல்.கே.ஜி.யிலேயே தமிழை விட்டவர்கள் டி.என்.பி.எஸ்.சி. நேரத்தில் என்னிடம் வந்து "ஏதாவது சர்டிபிகேட் கிடைக்குமா டீச்சர்" என்கிறீர்கள். நான் எங்கே போவது?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் பள்ளியில் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறாரா, ஆறாம் வகுப்புப் பிள்ளை இங்கிலீஷில் சொந்தமாக நாலு வரி எழுதுகிறதா என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கூட்டத்துக்கு யாரும் போவதில்லை.

நம்பாதவர்கள் இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள். நாலாவது படிக்கும் உங்கள் பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று தமிழில் கேளுங்கள். சொல்லிவிட்டால் வந்து என்னிடம் சண்டை போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.