கயிற்றை இழுத்தால் வேலை போகுமா?

கார் தொழிற்சாலை. கார்கள் வரிசையாக நகர்ந்து வருகின்றன. ஒருவர் கதவை மாட்டுகிறார். அடுத்தவர் போல்ட்டை முடுக்குகிறார்.

ஒரு தொழிலாளிக்குப் போல்ட்டு சரியாக ஏறவில்லை. காரோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வார்?

பக்கத்தில் ஒரு கயிறு தொங்குகிறது. அதைப் பிடித்து இழுக்கிறார். விளக்கு எரிகிறது, இசை ஒலிக்கிறது. குழுத் தலைவர் ஓடி வருகிறார். "ஏன் இழுத்தாய்?" என்று அதட்டுவதற்கு அல்ல, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பதற்கு! இருவரும் சேர்ந்தும் உடனே சரி செய்ய முடியாவிட்டால், அந்த வரிசையே நின்றுவிடும்.

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பிரீமாண்ட் நகரில் நடந்தது.

ஆகாத தொழிற்சாலை

அந்தத் தொழிற்சாலை முன்பு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குச் சொந்தம். அதற்கு நல்ல பெயர் கிடையாது. நாள்தோறும் நூற்றுக்கு 20 பேர் வேலைக்கு வரமாட்டார்கள். வந்தவர்களில் சிலர் குடித்துவிட்டு வருவார்கள். நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஓயாத சண்டை. கார் கெட்டுப் போனாலும் பரவாயில்லை, வரிசை மட்டும் நிற்கக் கூடாது என்பது சட்டம். பிசகோடு வந்த கார்களைக் கடைசியில் தனியே நிறுத்திப் பழுது பார்த்தார்கள். 1982-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

"தொழிலாளர்கள் சரியில்லை!" அப்போது பலர் சொன்ன தீர்ப்பு இதுதான்.

இரண்டே ஆண்டில் கதவு மீண்டும் திறந்தது. ஜப்பானின் டொயோட்டா கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, 1984-ல் "நம்மி" என்ற புதுப் பெயரில் தொடங்கின. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு.

வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? அதே பழைய தொழிலாளர்கள்தான்! அதே சங்கம்தான்!

பல நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள தொழிற்சாலையில் ஜப்பானியருக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் வேலை பழகினார்கள். ஜப்பானிலிருந்தும் பழக்குகிறவர்கள் பிரீமாண்டுக்கு வந்தார்கள். அவர்கள் மேடை போட்டுப் பேசவில்லை. மேற்பார்வையாளரின் அருகில், வரிசையின் ஓரத்தில், நாள்தோறும் நின்றார்கள்.

வேலை செய்தவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். பழைய தொழிற்சாலையில் பொறியாளர் கையில் கடிகாரத்தோடு வந்து நிற்பார். எத்தனை நொடியில் வேலை முடிய வேண்டும் என்று அவர் விதிப்பார். தொழிலாளிக்கு அந்தக் கடிகாரத்தைக் கண்டாலே எரிச்சல். நம்மியில் கடிகாரம் தொழிலாளியின் கைக்கே வந்தது. தங்கள் வேலையைத் தாங்களே அளந்தார்கள். வீணாகக் குனிவது எங்கே, வீணாக நடப்பது எங்கே என்று தாங்களே கண்டுபிடித்து மாற்றினார்கள். அதிகாரிகளுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை இல்லை.

வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் கீழே குறைந்தார்கள். சில ஆண்டுகளுக்குள், அங்கே செய்த கார்கள் தரத்தில் ஜப்பான் கார்களோடு போட்டி போட்டன.

கயிறு மட்டும் போதாது

கோப்பையை உடைத்த பிள்ளையை அடித்துப் பாருங்கள். அடுத்த முறை, உடைந்த துண்டுகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கும். தொழிற்சாலையிலும் அப்படித்தான். திட்டு விழும் என்றால் யார் பிசகைச் சொல்வார்கள்?

டொயோட்டாவுக்கு இந்த யோசனை தறியிலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்தவரான சாகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தவர். பிசகு நேர்ந்த இடத்திலேயே நிறுத்து, அங்கேயே திருத்து என்பது அவர் முறை.

ஆனால், நின்றதற்காகத் தறி பயப்படாது. மனிதன் பயப்படுவான். அந்தப் பயத்தை நம்மி எப்படிப் போக்கியது? கம்பெனியே ஆட்டம் கண்டால் ஒழிய ஆட்குறைப்பு இல்லை என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1988 வாக்கில் விற்பனை மிகவும் குறைந்தது. அப்போதும் யாரையும் வெளியே அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். வெளி ஆட்களுக்குக் கொடுத்து வந்த வேலைகளைத் தங்கள் ஆட்களுக்கே கொடுத்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பிறகு, கயிற்றுக்குத் தனி மதிப்பு வந்தது.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல மாட்டோம். வேலையின் வேகம் அதிகம் என்று தொழிலாளர்கள் குறைப்பட்டதுண்டு. 1993-ல் புது மாடலுக்கு மாறியபோது கைவலி, தோள்வலி என்று பலர் அவதிப்பட்டார்கள். சங்கம் இருந்ததால் அதைக் கேட்க முடிந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் வான் நைஸ் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இன்னொரு தொழிற்சாலை இருந்தது. நம்மியைப் பார்த்து அங்கேயும் குழுக்கள் அமைத்தார்கள், கயிறும் கட்டினார்கள். ஆனால், வரிசை நிற்கக் கூடாது என்ற பழைய எண்ணம் மேலதிகாரிகளை விட்டுப் போகவில்லை. தொழிலாளர்களில் பலரும் புது முறையை நம்பவில்லை. 1992-ல் அது மூடப்பட்டது.

கயிறு விலை குறைந்த சாமான். எந்த முதலாளியும் வாங்கலாம். அதை இழுத்தவன்மேல் கோபப்படாத மேஸ்திரியைக் கடையில் வாங்க முடியாது. அவரைப் பழக்க வேண்டும். அதற்கு நாளாகும். ஓட்டலில் இரண்டு நாள் கூட்டம் போட்டு, பிஸ்கட்டும் காபியும் கொடுத்துவிட்டு, "எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று" என்று சொல்லும் நிர்வாகங்களை என்னவென்பது! மூன்றாம் நாள் ஒரு தொழிலாளி குறை சொல்லும்போது அதிகாரியின் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, நம்மியிலிருந்து விலகியது. டொயோட்டாவும் தனியே நடத்த விரும்பவில்லை. 2010 ஏப்ரலில் கடைசிக் கார் வெளியே வந்தது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். "தொழிலாளர்கள் சரியில்லை" என்று இந்த முறை யாரும் சொல்ல முடியவில்லை. அதே கட்டடத்தை அந்த ஆண்டே டெஸ்லா கம்பெனி வாங்கி, பிறகு அங்கே மின்சாரக் கார்களைச் செய்யத் தொடங்கியது.