நண்பகல் மின்சாரம் வேண்டாமாம்!

சீகிரியாவின் நீர்ப் பூங்காவிலே, ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்பன் அமைத்த நீரூற்றுகள் மாரி காலத்தில் இன்றும் பீறிட்டெழுகின்றன. எண்ணெயில்லை, எந்திரமில்லை, மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே அவற்றை இயக்குகின்றது. கைக்கெட்டிய சக்தியை இவ்வாறு பயன்கொண்ட நாடு, இன்று வானம் வாரி வழங்கும் சக்தியை வேண்டாமென்று திருப்பி அனுப்புகின்றது!

நாம் மிகைப்படுத்தவில்லை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது மின்தேவை குறைந்துவிட்டது. உடனே, கூரைகளிற் சூரியத் தகடு பொருத்தியோர் அவற்றைப் பகலில் நிறுத்திவைக்க வேண்டுமென இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. இதே நாட்டிலேதான், 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளத்தை நம்பிய மீனவனும், எந்திரத்தால் நீரிறைத்து வெங்காயம் விளைத்த கமக்காரனும் அன்று பட்ட பாட்டை யார் மறப்பர்?

இரவிலே கடலுக்குப் போகும் வள்ளம் நண்பகலிற் கரையிலே கிடக்கின்றது. மின்சாரம் மிஞ்சும் வேளையும் அதுவே. எண்ணெய் இயந்திரத்தைக் கழற்றி, மின்மோட்டாரும் பற்றறியும் பூட்டினால், வேண்டாமென்று ஒதுக்கும் வெயிலே அவனுடைய எரிபொருளாகும். இதற்கு என்ன தடை?

மின்படகு பணக்காரரின் விளையாட்டுப் பொருளாம், சீகிரியாவை அண்டிய குளங்களில் வெளிநாட்டார் உலாவ உதவலாமாம், உழைப்பவனுக்கு உதவாதாம். இப்படிச் சொல்வோர் கேரளத்தைப் பார்க்கட்டும். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்குமிடையே 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' ஓடுகின்றது. 75 பேரை ஏற்றும் அப்படகிற் செல்வோர் உல்லாசப் பயணியரல்லர். அன்றாட வேலைக்குப் போகும் மக்கள். மின்படகு நேற்றுப் பிறந்த புதுமையுமன்று. 1881 இலேயே பாரிஸ் நகரத்துச் சேன் ஆற்றில் ஓடியது!

ஆழ்கடலிற் பல நாள் தங்கும் கலங்களுக்கு இது இன்று பொருந்தாதென்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழப் பத்து அலகு சக்தி உண்டு. அவ்வளவையும் சேமிக்கும் பற்றறி நூறு கிலோ அளவுக்குக் கனக்கும். ஆயினும் சிறு இயந்திரம் அந்தச் சக்தியிற் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகின்றது, மின்மோட்டார் அப்படியன்று. குறுந்தூரம், மிதவேகம், மாலையில் மீளும் கரை என்றால் கணக்கு மாறிவிடும்.

ஆகவே, சீகிரியாப் பக்கத்து அமைதியான குளங்களிலே முதற் சோதனை நடக்கட்டும். அங்கேயே நின்றுவிடவும் கூடாது. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகுகளே அடுத்த களம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றும் வெயிலும் கொண்டு மின்னளிக்க இந்திய நன்கொடையில் 2024 இல் ஒப்பந்தமாயிற்று. தீவின் விளக்குக்கு வெயில், தீவுக்குப் போகும் படகுக்கு இறக்குமதி டீசலா?

பற்றறியின் விலையே ஏழை மீனவனின் முன்னிற்கும் மதில். எரிபொருள் மானியம் வழங்கும்போது அரசு அதில் ஒரு பங்கை நீண்டகாலக் கடனாக மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கட்டும். இறங்குதுறை தோறும் மின்னேற்றும் நிலையமொன்று அமையட்டும். நண்பகல் மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணம் விதிக்கட்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலே இதற்கு இடமுண்டா என்று வடக்கு கிழக்குப் பிரதிநிதிகள் சபையில் எழுந்து கேட்பார்களா?